பதினெட்டுப் பவுண்டும் ஒன்றேகால் ஷில்லிங்கும்: லண்டனில் ஓர் இளைஞர் தன்னைத் திருத்திக்கொண்ட கதை

சுயமுன்னேற்றம் என்று பேச்செடுத்தால் வெற்றி பெற்றவர்களின் பழக்கங்களைத்தான் அடுக்குகிறோம். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எத்தனை பக்கம் படித்தார்கள் என்று வரிசை நீளும். அவர்கள் ஆசையோடு தொடங்கிப் பாதியில் கைவிட்டவை அந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. தன்னைத் திருத்திக்கொள்ள நினைக்கும் இருபது வயதுக்காரருக்கு அந்தப் பகுதிதான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். அதற்காகவே இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்: 1888ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1891 ஜூன் வரை லண்டனில் சட்டம் படித்த மோகன்தாஸ் காந்தி.

படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மகாத்மா என்ற பட்டத்தைச் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். அந்தப் பட்டத்தோடு பார்த்தால், இளைஞர் வாங்கிய தொப்பிகூட ஏதோ பெரிய திட்டத்தின் பகுதியாகத் தோன்றிவிடும். அப்போது அவர் அண்ணன் அனுப்பும் பணத்தில் வாழ்ந்த, கூச்ச சுபாவமுள்ள, ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசிய ஒரு மாணவர். அவ்வளவுதான்.

சான்றுகள்

இந்த மூன்றாண்டுகளைப் பற்றி நமக்குக் கிடைப்பவை ஒரே தரத்தவை அல்ல. முதன்மையானது அவரே எழுதிய சத்திய சோதனை. ஆனால் அது 1925இல் நவஜீவன் வார இதழில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. லண்டன் நாட்கள் முடிந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. வயதானவர் தம் இளமைக்குத் தீர்ப்புச் சொல்லும் தொனி அதில் உண்டு.

அந்த நாட்களிலேயே எழுதப்பட்டவையும் இருக்கின்றன. 1888 நவம்பர் 12 அன்று அவர் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். ஏறத்தாழ 120 பக்கங்கள் எழுதியிருந்தார். உறவினர் சகன்லால் காந்தி படியெடுத்து வைத்த இருபது பக்கங்கள் அளவுக்குத்தான் இன்று மிஞ்சியிருக்கிறது. லண்டன் சைவ உணவாளர்களின் வார இதழான ‘தி வெஜிடேரியன்’ 1891இல் அவருடைய தொடர் கட்டுரைகளையும், ஊர் திரும்பும் வேளையில் ஒரு நேர்காணலையும் வெளியிட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களின் நினைவுகளும் உண்டு. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சில இடங்களில் உரசுகின்றன. உரசும் இடங்களில்தான் இந்த நிகழ்வு சூடு பிடிக்கிறது.

கப்பலேறும்போது கையில் இருந்தவை

1869 அக்டோபர் 2 அன்று பிறந்தவர். 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறும்போது பத்தொன்பது நிறைய ஒரு மாதம் பாக்கி. பதின்மூன்று வயதில் திருமணம் ஆகிவிட்டது. மனைவி கஸ்தூரிபா, கைக்குழந்தை ஹரிலால். பயணச் செலவுக்கு மனைவியின் நகைகளை விற்கலாம் என்றுகூட யோசனை ஓடியது. கடைசியில் பணத்துக்கு நான் பொறுப்பு என்று அண்ணன் லட்சுமிதாஸ் சொல்லிவிட்டார்.

தாய் புத்லிபாய் எளிதில் சம்மதிக்கவில்லை. பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவியின் முன்னிலையில் மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்துகொடுத்த பிறகே விடைகொடுத்தார். பம்பாயில் மோட் பனியா சாதிக் கூட்டம் வேறு தலையிட்டது. கடல் கடந்து போவது முறையல்ல என்றது. அவர் மறுத்ததும் சாதியிலிருந்து விலக்கியது. அவரை வழியனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு ரூபாய் நான்கணா அபராதம் என்று அறிவித்தது.

ஆக, கப்பலேறிய இளைஞருக்கு இரண்டு கடமைகள் இருந்தன. ஒன்று தாய்க்குக் கொடுத்த வாக்கு. மற்றொன்று அண்ணனின் பணம். இந்த இரண்டும்தான் பின்னால் அவரைத் திருத்தின. அவராகத் தேடிப்போய் வாங்கிக்கொண்ட திருத்தங்கள் ஒன்றுகூட நிலைக்கவில்லை. நான் இந்த நிகழ்விலிருந்து எடுத்துவைக்க விரும்பும் வாதம் அதுதான்.

பதினெட்டுப் பவுண்டு

இங்கிலாந்தில் கரையிறங்கும்போது வெள்ளை ஃபிளானல் உடை அணிந்திருந்தார். குளிர்காலம் நெருங்கும் பருவத்தில் அப்படி உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற உடைகள் இருந்த பெட்டிகள் ஒரு முகவர் நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. வார இறுதி என்பதால் கைக்குக் கிடைக்க நாளாகும். வெட்கம் பிடுங்கித்தின்றது. அன்று மாலை, ஏற்கெனவே லண்டனில் இருந்த இந்தியரான டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா விக்டோரியா ஹோட்டலுக்கு அவரைப் பார்க்க வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மேத்தாவின் பட்டுத் தொப்பியை இளைஞர் கையிலெடுத்து, அதன் வழவழப்பைப் பார்க்கும் ஆசையில் தடவினார். தடவியது எதிர்த்திசையில். தொப்பியின் மென்மயிர் கலைந்துவிட்டது. மேத்தா சற்றுக் கோபத்தோடு தடுத்தார். பிறகு அங்கேயே ஐரோப்பிய நாகரிகத்தின் முதல் பாடத்தை நடத்தினார். பிறர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே கேள்விகளை அடுக்காதே, உரக்கப் பேசாதே.

சில காலம் கழித்து ஹோல்பர்ன் உணவகத்தில் நடந்தது இதைவிடப் பெரிய அடி. புலால் உண்ணாமல் இருந்தால் இவன் உடம்பு கெட்டுவிடும், நல்ல சமூகத்தில் சேரவும் முடியாது என்று உண்மையாகவே கவலைப்பட்ட நண்பர் ஒருவர், நாடகத்துக்குப் போகும் முன் அங்கே விருந்துக்கு அழைத்துப் போனார். அத்தனை பேர் நடுவில் கூச்சப்பட்டு வாயைத் திறக்க மாட்டான், வருவதைச் சாப்பிட்டுவிடுவான் என்பது நண்பரின் கணக்கு. முதலில் சூப் வந்தது. இது எதில் செய்தது என்று இளைஞர் பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்க முனைந்தார். நண்பருக்குப் பொறுக்கவில்லை. நாகரிகமான இடத்துக்கு நீ லாயக்கில்லை, இப்படித்தான் நடந்துகொள்வாய் என்றால் வெளியே போய் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு எனக்காகக் காத்திரு என்றார். இளைஞர் எழுந்து போய்விட்டார். பக்கத்திலிருந்த சைவ உணவகம் மூடியிருந்தது. அன்றிரவு பட்டினி. பிறகு இருவரும் ஒன்றாகவே நாடகம் பார்த்தார்கள். நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாக்கை அவர் விடவில்லை. ஆனால் ‘நாகரிகத்துக்கு லாயக்கில்லை’ என்ற சொல் தைத்துவிட்டது. சைவமாக இருப்பதால் ஏற்படும் குறையை வேறு வழிகளில் ஈடுகட்டி, நண்பரின் மனத்தைக் குளிர்விக்கலாம் என்று முடிவு செய்தார். ஆங்கிலேயக் கனவானாக மாறும் முயற்சி அப்படித்தான் தொடங்கியது. இளமையின் ஆடம்பர மோகம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. ஒரு காயத்துக்குப் போட்ட மருந்து அது. ஆனால் காயத்துக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இல்லை. சூப்பைப் பற்றிக் கேட்டதற்காகப் பட்ட அவமானத்தை நடன வகுப்பு எப்படித் தீர்க்கும்?

செலவைப் பார்ப்போம். உயரமான பட்டுத் தொப்பி பத்தொன்பது ஷில்லிங். பாண்ட் தெருவில் தைத்த மாலை உடை பத்துப் பவுண்டு. நடன வகுப்புக்கு ஒரு பருவக் கட்டணம் மூன்று பவுண்டு. மேற்கத்திய இசையில் காது பழக ஒரு வயலின், மூன்று பவுண்டு. பேச்சுக்கலை ஆசிரியருக்கு முன்பணம் ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில் கூட்டினால் சரியாகப் பதினெட்டுப் பவுண்டு வருகிறது. வயலின் ஆசிரியையின் கட்டணமும், அண்ணனுக்கு எழுதி வரவழைத்துக்கொண்ட இரட்டைத் தங்கக் கடிகாரச் சங்கிலியும் இதில் சேரவில்லை.

பலன்? மூன்று வாரங்களில் ஆறு நடனப் பாடங்கள். நடனத்துக்கு வாசிக்கும் பியானோ எப்படிப் போகிறது என்றே பிடிபடவில்லை. தாளத்தோடு கால் சேரவில்லை. பேச்சுப் பயிற்சி இரண்டு மூன்று பாடங்களோடு நின்றது. தினமும் பத்து நிமிடம் பெரிய நிலைக்கண்ணாடியின் முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதும், அடங்காத தலைமுடிக்கு வகிடு எடுப்பதும் மட்டும் ஒழுங்காக நடந்தன.

நிறுத்திய விதம் கவனிக்கத்தக்கது. பேச்சு ஆசிரியருக்கும் நடன ஆசிரியருக்கும் காரணத்தை எழுதிக் கடிதம் போட்டார். வயலின் ஆசிரியையிடம் நேரில் போய், வயலினைக் கிடைத்த விலைக்கு விற்றுத் தரும்படி கேட்டுக்கொண்டார். நான் இங்கே வாழ்நாள் முழுக்க இருக்கப் போவதில்லை, படிக்க வந்தவன், பேச்சுக்கலையும் நடனமும் எனக்கு எதற்கு என்பதுதான் அவர் கண்ட காரணம். கட்டிய பணம் போனது போகட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது எல்லோரும் செய்வது. இவர் ஒவ்வொருவரிடமும் முறையாகச் சொல்லிவிட்டு முடித்தார். அரைகுறையாகத் தொங்கும் தீர்மானங்கள் மனத்தில் ஏற்றிவைக்கும் பாரத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இந்த மோகம் மூன்று மாதம் நீடித்தது என்று தன்வரலாறு சொல்கிறது. ஆனால் பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையின் தற்காலிகத் தலைவராக இருந்த சச்சிதானந்த சின்ஹா, 1890 பிப்ரவரியில் பிக்காடில்லியில் அவரைப் பார்த்த நினைவை எழுதியிருக்கிறார். பளபளக்கும் பட்டுத் தொப்பி, விறைத்த கழுத்துப்பட்டி, வானவில் நிறங்களில் டை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, தோல் கையுறை. படிப்பைவிட நாகரிகத்தில் நாட்டமுள்ள மாணவர் என்றே சின்ஹாவுக்குத் தோன்றியது. உடையில் கவனம் பல ஆண்டுகள் தொடர்ந்தது என்று காந்தியும் ஒப்புக்கொள்கிறார். எனவே இரண்டு சாட்சிகளும் பொய்யல்ல. ஆனால் சின்ஹா பார்த்த அந்த மாதத்தில் தொப்பிக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது வேறு.

கணக்கு நோட்டும் கால்நடையும்

1890 ஜனவரியில் லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் லத்தீனில் தோற்றிருந்தார். பாரிஸ்டர் ஆவதற்கு அந்தத் தேர்வு தேவையே இல்லை. பாரிஸ்டர்களை உருவாக்கும் லண்டன் சட்டக் கழகங்களில் ஒன்றான இன்னர் டெம்பிளில் 1888 நவம்பரில் சேர்ந்த அவர், பாரிஸ்டராக இரண்டு தேர்வுகளில் தேறி, பன்னிரண்டு பருவங்களை நிறைவுசெய்தால் போதும். பருவத்தை நிறைவுசெய்வது என்றால் அங்கே நடக்கும் இருபத்து நான்கு விருந்துகளில் குறைந்தது ஆறிலாவது கலந்துகொள்வது. நான்கு பேர் மேசைக்கு இரண்டு மதுப் புட்டிகள் தருவார்கள். குடிக்காத ஒருவர் மேசையில் இருந்தால் மற்ற மூவருக்கும் கொண்டாட்டம். அதனால் எல்லோரும் அவரைத் தங்கள் மேசைக்கு இழுத்தார்கள். தாய்க்குக் கொடுத்த வாக்கால் அவருக்குக் கிடைத்த முதல் சமூக மதிப்பு அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

இப்படி எளிதாகப் பட்டம் கிடைக்கும் இடத்தில், தன் ஆங்கிலமும் பொது அறிவும் போதாது என்று தாமே கண்டுகொண்டு கூடுதலாக ஒரு கடினமான தேர்வை ஏற்றார். தோற்றார். வருத்தம்தான், ஆனால் லத்தீனில் சுவை பிடித்துவிட்டது. அறிவியல் பாடத்தில் வேதியியலை விட்டுவிட்டு வெப்பமும் ஒளியும் எடுத்துக்கொண்டு, அதே ஆண்டு ஜூனில் தேறினார்.

அந்த ஆறு மாத இடைவெளியில்தான் வாழ்க்கைமுறை நிஜமாகவே மாறியது. அதற்கான கருவி முன்பே அவரிடம் இருந்தது. செலவாகும் ஒவ்வொரு காசையும் எழுதிவைப்பார். பஸ் கட்டணம், தபால்தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த ஓரிரு செப்புக் காசுகள் எல்லாம் நோட்டில் ஏறிவிடும். இரவு படுக்கப் போகும்முன் கணக்கை முடித்து, கையிருப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்.

இந்தப் பழக்கத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். சிக்கனம் என்ற நற்குணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எழுதிப் பார்த்ததால்தான், எது தவிர்க்கக்கூடியது என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு குடும்பத்தோடு தங்கி வார வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காக அவ்வப்போது அந்த வீட்டாரை வெளியே அழைத்துப் போக வேண்டும். பெண்கள் உடன் வந்தால் வண்டிச் செலவு அவருடையது. வெளியே சாப்பிட்ட நாளுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கான பணம் குறையாது. கணக்கு நோட்டு இதைக் காட்டிக்கொடுத்தது. தனியாக அறைகள் எடுத்துக்கொண்டார். போக வேண்டிய இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் அறை பார்த்தார். போக வேண்டிய இடம் மாறினால் குடியிருக்கும் பகுதியையும் மாற்றிக்கொள்வார். பஸ் கட்டணம் மிச்சம். நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடை. லண்டனில் இருந்தவரை நோய் அண்டாமல் காத்தது அந்த நடைதான் என்கிறார்.

உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று அவர் தீர்மானம் எதுவும் போடவில்லை. செலவைக் குறைக்கப் போனார். நடை தானாக வந்தது. ஒரு மாற்றம் இன்னொன்றைக் கூட்டிவரும் இந்த முறையை நடனம், வயலின், பேச்சு என்று மூன்று வகுப்புகளில் ஒரே நேரத்தில் பணம் கட்டியதோடு வைத்துப் பாருங்கள். இன்று ஜிம்முக்கு ஓராண்டுக் கட்டணம் கட்டிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு ஆட்டோவில் போகும் நமக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

தேர்வில் தோற்ற பிறகு இன்னும் இறங்கி வந்தார். தம்மைவிட எளிமையாக வாழும் மாணவர்களைப் பற்றி அறிந்தார். அவர்களில் ஒருவர் வாரம் இரண்டு ஷில்லிங் வாடகையில் ஏழைகளின் குடியிருப்பில் தங்கி, மலிவு விலைக் கடையில் ஒரு வேளைக்கு இரண்டு பென்னிக்கு ரொட்டியும் கோகோவும் சாப்பிட்டு வந்தார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார் மோகன்தாஸ். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவுக்கு வெந்நீரும். இருபது நிமிட வேலை. மதியம் வெளியே. இரவு ரொட்டியும் கோகோவும். நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்னி, அதாவது ஒன்றேகால் ஷில்லிங்கில் சாப்பாட்டுப் பாடு முடிந்தது.

கனவானாக மாறச் செலவிட்ட பதினெட்டுப் பவுண்டை இந்தக் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. பதினெட்டுப் பவுண்டு என்பது 4,320 பென்னி. நாளுக்குப் பதினைந்து பென்னி வீதம் 288 நாள் சாப்பாடு. தொப்பி மட்டும் பதினைந்து நாள்.

அந்த எளிமை வறட்சியாக இருக்கவில்லை, படிக்க நேரம் கொடுத்தது, மனத்துக்கு மகிழ்ச்சி கொடுத்தது என்று அவர் எழுதுகிறார். இதை நான் நம்புகிறேன். அண்ணனின் சக்திக்கு மீறித் தாம் செலவழிக்கிறோம் என்ற உறுத்தல் நீங்கியதுதான் அந்த மகிழ்ச்சிக்குக் காரணமாக இருந்திருக்கும். உள்ளே உறுத்திய ஒன்றுக்கு இந்த மாற்றம் நேரடியான பதில். நடன வகுப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பசி கொண்டுபோய்ச் சேர்த்த இடம்

வாக்கும் இதே வகையில்தான் வேலை செய்தது. தொடக்க மாதங்களில் அவர் அரைப்பட்டினி. காலையில் கஞ்சி கிடைக்கும். மதியமும் இரவும் கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்கக் கூச்சம். சைவ உணவகங்கள் நகரத்தில் உண்டு என்று வீட்டுக்காரப் பெண்மணி சொல்லக் கேட்டு, தினமும் பல மைல் நடந்து தேடினார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே நுழையும்போது வாசலருகே கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களில் ஹென்றி சால்ட் சைவ உணவுக்காக வாதாடி எழுதியது இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார். இங்கிலாந்து வந்த பிறகு வயிறார உண்டது அன்றுதான்.

அதுவரை தாய்க்காகக் காத்த வாக்கு, அந்த நூலைப் படித்த பிறகு அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. அதன்பின் நண்பர்கள் தாமாக வந்தார்கள். லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம் கிடைத்தது. பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சிறு சைவ மன்றம் தொடங்கினார். ‘தி வெஜிடேரியன்’ ஆசிரியர் டாக்டர் ஜோசையா ஓல்ட்ஃபீல்ட் தலைவர், கவிஞர் சர் எட்வின் ஆர்னால்டு துணைத் தலைவர், செயலாளர் மோகன்தாஸ். எந்தக் காரணத்தால் நாகரிகச் சமூகத்துக்கு லாயக்கில்லை என்று நண்பர் எழுப்பி அனுப்பினாரோ, அதே காரணத்தாலேயே லண்டனில் அவருக்கென்று ஒரு சமூகம் அமைந்தது.

பிரைட்டன் கடிதம்

முதலாண்டில் பிரைட்டன் கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கினார். உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. விழித்துக்கொண்டிருந்தவருக்கு, அதே மேசையிலிருந்த வயதான கைம்பெண் ஒருவர் படித்துப் பொருள் சொல்லி உதவினார். பழக்கம் வளர்ந்தது. லண்டனில் ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மையார் வீட்டில் விருந்து. அங்கே இருந்த ஓர் இளம்பெண்ணோடு அவரைத் தனியே பேசவிட்டுப் போவதும் நடந்தது. இருவருக்கும் திருமணம் கைகூடலாம் என்று அம்மையார் நினைக்கிறார் என்பது போகப்போகப் புரிந்தது.

இந்திய மாணவர்கள் அங்கே தங்கள் திருமணத்தை மறைப்பது வழக்கமாக இருந்தது. இவரும் மறைத்திருந்தார். நேரில் சொல்ல நா எழவில்லை. கடிதம் எழுதினார்; அடித்து அடித்துத் திருத்தி எழுதினார். சிறுவயதிலேயே எனக்குத் திருமணமாகிவிட்டது, ஒரு மகன் இருக்கிறான், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், இனி என்னை வீட்டுக்கு அழைக்கத் தகுதியற்றவன் என்று கருதினால் குறைபட மாட்டேன் என்பது அதன் சாரம். மறுதபாலிலேயே பதில் வந்தது. கடிதத்தைப் படித்து நாங்கள் இருவரும் மனம்விட்டுச் சிரித்தோம், அழைப்பு அப்படியேதான் இருக்கிறது, அடுத்த ஞாயிறு கட்டாயம் வந்து உங்கள் பால்ய விவாகக் கதையைச் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மையார் எழுதியிருந்தார்.

இந்த மூன்றாண்டுகளில் அவர் செய்த மிகப் பெரிய சுயதிருத்தம் இது என்பேன். தொப்பிக்கும் மாலை உடைக்கும் முன்னால் இருந்த உண்மையான மோகன்தாஸை ஒருவரிடமாவது முழுதாகக் காட்டிவிட்டார். அதன்பிறகு திருமணமானவன் என்று சொல்லத் தயங்கவே இல்லை.

மாறாத ஒன்று

பேச்சு மட்டும் வசப்படவில்லை. சைவ உணவுச் சங்கத்தில் டாக்டர் ஆலின்சன் என்பவரை, கருத்தடையை ஆதரித்ததற்காக விலக்க வேண்டும் என்று தலைவர் ஆர்னால்டு ஹில்ஸ் விரும்பினார். ஒழுக்கம் பற்றிய கருத்தில் மோகன்தாஸ் ஹில்ஸின் பக்கம். ஆனால் உணவுச் சங்கத்தில் இருக்க உணவுக் கொள்கை ஒன்றே தகுதி, வேறு கருத்துக்காக ஒருவரை நீக்குவது சரியல்ல என்று அவருக்குத் தோன்றியது. தம் வாதத்தை எழுதிக்கொண்டு போனார். எழுதியதைப் படிக்கக்கூடத் துணிவு வரவில்லை. வேறொருவர் படித்தார். தோற்ற பக்கம் அவருடையது.

1891 ஜூன் 10இல் பாரிஸ்டர் பட்டம், 11இல் உயர் நீதிமன்றத்தில் பதிவு, 12இல் கப்பல். புறப்படும் முன் நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார், அதே ஹோல்பர்ன் உணவகத்தில். புலால் பரிமாறும் அந்த இடத்தில் அன்று முழுச் சைவச் சாப்பாடு. பேச எழுந்தார். நகைச்சுவையாகத் தொடங்கச் சில வரிகளை மனப்பாடம் செய்திருந்தார். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை, நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன், கேலிக்கு ஆளானேன் என்று தன்வரலாறு சொல்கிறது.

அந்த வாரமே வந்த ‘தி வெஜிடேரியன்’ செய்தி வேறு சொல்கிறது. காந்தி சற்றுப் பதற்றத்தோடு, ஆனால் மிக நயமாகப் பேசினார், வந்தவர்களை வரவேற்றார், சங்கத்தோடு தமக்கு ஏற்பட்ட உறவை விவரித்தார், ஓல்ட்ஃபீல்டுக்குத் தாம் பட்டிருக்கும் கடனை நெகிழ்ந்து குறிப்பிட்டார் என்கிறது. நண்பர்களின் பத்திரிகை என்பதால் சற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் பேசிய விஷயங்களை வரிசையாகக் குறிப்பிடுவதால், அவர் ஏதோ பேசித்தான் இருக்கிறார். கூச்சமுள்ளவரின் நினைவில் தம் தடுமாற்றம் மட்டும் பெரிதாகப் பதிந்துவிடுகிறது. தன்னைத்தானே மதிப்பிட்டு எழுதும் எந்தக் குறிப்பையும் வாசிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவில் எழுதப்படாதவை

கணக்கு நோட்டில் ஏறாத செலவுகளும் உண்டு. கஸ்தூரிபா கைக்குழந்தையோடு மூன்றாண்டு மாமியார் வீட்டில் இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு கிடையாது. தாய் புத்லிபாய் மகன் லண்டனில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அந்நிய நாட்டில் அதிர்ச்சி வேண்டாம் என்று குடும்பம் செய்தியை மறைத்தது. வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று தாயிடம் சொல்லும் ஆவலோடு பம்பாயில் இறங்கியவருக்கு அண்ணன்தான் செய்தியைச் சொன்னார். ஓர் இளைஞர் தன்னைச் செதுக்கிக்கொண்ட காலத்துக்கு ஒரு குடும்பமே விலை கொடுத்தது. தன்முயற்சி என்ற சொல்லை இந்த நிகழ்வுக்கு முழுமையாகப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை.

படித்த படிப்பும் உடனே கைகொடுக்கவில்லை. பம்பாயில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் மமீபாய் என்பவருக்காக முதல் வழக்கு. கட்டணம் முப்பது ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். ராஜ்கோட்டுக்குத் திரும்பி மனு எழுதிப் பிழைத்தார். 1893 ஏப்ரலில் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அந்த ஆண்டு பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டிப் பேசினார். தம் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று அதைத்தான் குறிப்பிடுகிறார். வணிகத்தில் உண்மையாக நடக்க முடியாது என்ற கருத்தை எதிர்த்து அவருக்குச் சொல்ல விஷயம் இருந்தது. கேட்பவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. கினி கொடுத்து வாங்க முடியாத பேச்சு அங்கே வந்தது. கூட்டத்தின் முடிவில், ஆங்கிலம் கற்க விரும்புகிறவர்களுக்குத் தாமே கற்றுத் தருவதாகச் சொன்னார். மூன்று பேர் முன்வந்தார்கள்: ஒரு நாவிதர், ஓர் எழுத்தர், ஒரு சிறுகடைக்காரர். தங்களால் வர முடியாது, நீங்கள்தான் எங்கள் இடத்துக்கு வர வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ எட்டு மாதம் அவர்கள் கடைக்கும் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் இருவர் கணக்கு எழுதவும் வியாபாரக் கடிதங்கள் எழுதவும் தேறினார்கள். நாவிதருக்கு வாடிக்கையாளர்களிடம் பேசும் அளவுக்கு ஆங்கிலம் வந்தால் போதுமாக இருந்தது.